காத்திருந்து கண்ட பெருமாட்டி
எம்மா லூயிசா டர்னர் வாழ்க்கை வரலாறு

கோடை பிறந்தவுடன் வீட்டு மாடியிலும் மதிற்சுவர் மீதும் மண்சட்டியில் நீர் வைப்பது நம் குடும்பங்களில் வழிவழியாக வரும் வழக்கம். தில்லிச் செங்கோட்டைக்கு எதிரே அமைந்த திகம்பர ஜைன லால் மந்திரில், காயமுற்ற பறவைகளுக்கென்றே ஒரு மருத்துவமனை இயங்கி வருவதை யாத்திரை சென்று வந்த அன்பர்கள் பலர் நேரில் கண்டிருப்பர். ஐந்தாம் தீர்த்தங்கரராகிய சுமதிநாத சுவாமியின் இலாஞ்சனமே சக்கரவாகப் பறவைதான். ஆதலின் பறவைகள்பால் அன்பு என்பது நமக்குப் புதிதன்று.

எனினும் கருணை இருவகைப்படும். துன்புறும் உயிரை நாடிச் சென்று உதவுவது ஒருவகை. துன்பமின்றித் தன் போக்கில் வாழும் உயிரை அதன் போக்கிலேயே விட்டு, நாம் விலகி நிற்பது மற்றொரு வகை. முன்னது கண்ணுக்குத் தெரிவது, பிறர் போற்றுவது. பின்னது எவர் கண்ணுக்கும் தெரியாதது. கடைப்பிடிக்க அரியதும் அதுவே. ஏனெனில் காணவேண்டும், அருகிற் சென்று காணவேண்டும், கண்டதைத் தனதாக்கிக் கொள்ளவேண்டும் என்னும் ஆசை மனிதனுக்கு மிகப் பெரிது.

இந்த இரண்டாம் வகைக் கருணையைத் தன் தொழிலாகவே கொண்டு வாழ்ந்த ஓர் ஆங்கிலப் பெண்மணியின் வரலாற்றை இவ்விதழில் நம் அன்பர்கள் முன் வைக்க விரும்புகிறோம். அவர் ஜைன அறத்தைப் பயின்றவர் அல்லர். நம் சாத்திரங்களின் மொழியில் அவர் தம் செயலை எண்ணிப் பார்த்ததுமில்லை. ஆயினும் கூடு கட்டி முட்டையிட்டு அடைகாக்கும் பறவையைக் கலைக்காமல் காண்பது எப்படி என்பதை அவர் வாழ்விலிருந்து நாம் கற்கலாம்.

துப்பாக்கியின் காலம்

எம்மா லூயிசா டர்னர் 1867ஆம் ஆண்டு ஜூன் 9ஆம் நாள் இங்கிலாந்தின் கென்ட் மாவட்டத்தில், டன்பிரிட்ஜ் வெல்ஸ் நகரையடுத்த லாங்டன் கிரீன் என்னும் ஊரில் பிறந்தார். அவர் வளர்ந்த காலத்தை முதலில் அறிந்துகொண்டால்தான் அவர் செய்தது எத்தகைய பணி என்பது விளங்கும்.

அக்காலத்தில் பறவையை விரும்புதல் என்றால் பறவையைக் கொல்லுதல் என்றே பொருள். அரிய பறவை ஒன்று ஓரிடத்தில் தென்பட்டது என்று ஒருவர் கூறினால், அறிஞர்கள் அதற்குச் சான்று கேட்பர். சுட்டு வீழ்த்தப்பட்ட உடலே அந்தச் சான்று. செல்வர் இல்லங்களின் கூடங்களில் பஞ்சடைத்த பறவைகள் கண்ணாடிப் பேழைகளில் நிற்கும். இழுப்பறைகளில் துளையிட்டு உள்ளீடு நீக்கிய முட்டைகள் வரிசை வரிசையாக அடுக்கப்பட்டிருக்கும். ஒரு பறவை எவ்வளவு அரிதாகிறதோ அவ்வளவுக்கு அதன் முட்டைக்கு விலை ஏறும். விலை ஏற ஏற அப்பறவை மேலும் அரிதாகும். இப்படி ஆசையே ஓர் இனத்தை அழிக்கும் சுழல் சுழன்றுகொண்டிருந்தது.

மற்றொரு புறம் பெண்களின் தொப்பிகள். கொக்கின் இனப்பெருக்கக் காலத் தூவிகளும், கொண்டை முக்குளிப்பானின் தலையிறகும் மார்புத் தோலும் தொப்பிகளையும் ஆடைகளையும் அணிசெய்தன. 1860 அளவில் பிரிட்டன் முழுவதிலும் அந்த முக்குளிப்பான் ஐம்பது இணைகளுக்கும் குறைவாகவே எஞ்சியிருந்தது. இந்தக் கொடுமையைக் கண்டு மனம் பொறாது முதலில் எழுந்தவர்களும் பெண்களே. 1889இல் மான்செஸ்டர் அருகே எமிலி வில்லியம்சன் என்னும் மாதரசி, இறகு அணியோம் என்று உறுதி பூண்ட பெண்களைக் கொண்டு ஒரு சங்கம் தொடங்கினார். அதுவே 1904இல் அரச சாசனம் பெற்று, இன்று பறவைப் பாதுகாப்பு அரச சங்கம் என்று உலகறிய விளங்குகிறது. இறகு இறக்குமதியைத் தடைசெய்யும் சட்டம் 1921இல்தான் பிரிட்டனில் நிறைவேறிற்று.

நம் முனிவர்கள் கையிலேந்தும் பிஞ்சியும் இறகால் ஆனதுதானே என்று இளைஞர்கள் சிலர் நம்மிடம் கேட்பதுண்டு. ஆம், இறகுதான். ஆனால் மயில் தானே உதிர்த்த இறகு. ஓர் எறும்பையும் நோகாது விலக்குவதற்கென்று ஏந்தப்படும் இறகு. உயிரைப் பறித்துப் பெற்றதும் உயிர் உதிர்த்தபின் எடுத்ததும் ஒன்றாகா. இந்த வேறுபாட்டை மனத்திற் கொண்டே மேற்கொண்டு செல்வோம்.

கீர்ட்டன் சகோதரர்கள்

இங்கிலாந்தின் யார்க்ஷயர்ப் பகுதியில் ஸ்வேல்டேல் பள்ளத்தாக்கிலே பிறந்த ரிச்சர்ட் கீர்ட்டன், செர்ரி கீர்ட்டன் என்னும் சகோதரர் இருவர் துப்பாக்கியின் இடத்தில் நிழற்படக் கருவியை வைத்தனர். 1892ஆம் ஆண்டு ஏப்ரல் 10ஆம் நாள், முட்டைகளோடு கூடிய ஒரு பாடும் பறவையின் கூட்டை அது இருந்த இடத்திலேயே இளையவர் படம் பிடித்தார். மூத்தவர் எழுதி, இயற்கையிலேயே எடுத்த படங்களைக் கொண்டு 1895இல் வெளிவந்த பிரிட்டிஷ் பறவைகளின் கூடுகள் பற்றிய நூல் பெரும் புகழ் பெற்றது. முட்டையை எடுத்துச் செல்லாமலே அதனைப் பிறருக்குக் காட்டலாம் என்பது அப்போதுதான் பலருக்கும் விளங்கியது.

பறவையின் கண்ணுக்கு மனிதன் தெரியக்கூடாது என்பதற்காகச் சகோதரர்கள் பலவகை மறைவிடங்கள் செய்தனர். பொய் மரத்தண்டு, வைக்கோற்போர், கற்குவியல் எனப் பலவற்றுள் ஒளிந்தனர். ஒருமுறை எருதின் தோலைப் பாடஞ்செய்து, உள்ளே வெற்றிடம் விட்டு, அதனுள் புகுந்து நின்று வானம்பாடியின் கூட்டைப் படமெடுத்தனர். வானம்பாடி அஞ்சவில்லை; மேயும் மாட்டை அது நாளும் பார்ப்பதுதானே. ஒரு பறவையின் அமைதியைக் காக்க ஒரு மாட்டின் தோல் கருவியாயிற்று என்பதைப் படிக்கையில் நம் நெஞ்சம் சுருக்கென்கிறது. இதனை மறைத்துச் சொல்ல நாம் விரும்பவில்லை. பேராசையிலிருந்து பெருங்கருணைக்கு உலகம் ஒரே தாவலில் வந்துவிடுவதில்லை, படிப்படியாகவே வருகிறது.

1900ஆம் ஆண்டில் எம்மா டர்னர் ரிச்சர்ட் கீர்ட்டனைச் சந்தித்தார். அப்போது அவருக்கு வயது முப்பத்து மூன்றை எட்டிய காலம். அச்சந்திப்பே அவர் வாழ்வின் திருப்பம். உடனே நிழற்படக் கலையைப் பயிலத் தொடங்கி, 1901இல் அரச நிழற்படச் சங்கத்தில் உறுப்பினரானார். 1904 முதல் தாம் எடுத்த படங்களை மாய விளக்கின் ஒளியில் திரையிற் காட்டி ஊர்தோறும் சொற்பொழிவாற்றினார். அதே 1904 டிசம்பர் 15இல் லண்டன் லின்னேயச் சங்கம் தன் நூற்றுக்கு மேற்பட்ட ஆண்டுக்கால வரலாற்றில் முதன்முறையாகப் பெண்களை உறுப்பினராகத் தேர்ந்தெடுத்தபோது, அந்த முதல் வரிசையிலேயே எம்மாவின் பெயரும் இடம்பெற்றது. பல்கலைக்கழகப் பட்டம் அவரிடம் இல்லை. பார்வையும் பொறுமையுமே அவர் பட்டங்கள்.

ஏரியின் நடுவே இல்லம்

இங்கிலாந்தின் கிழக்கே நார்ஃபோக் மாவட்டத்தில் பிராட்ஸ் என்று வழங்கும் ஏரித் தொகுதி ஒன்றுண்டு. நாணற்காடுகளும் சதுப்பு நிலங்களும் ஆழமற்ற நீர்ப்பரப்புகளும் கலந்த நாடு அது. இவை இயற்கையாக உண்டானவை என்றே எம்மாவின் காலத்தில் எண்ணினர். நடுக்கால மக்கள் எரிபொருளுக்காகக் கரிமண்ணை வெட்டியெடுத்த பள்ளங்களில் நீர் நிறைந்தே இவை தோன்றின என்பதை 1950களில் ஆராய்ச்சியாளர்கள் நிறுவினர். மனிதன் வெட்டிய குழியைக் காலம் பறவைகளின் இல்லமாக்கியது.

அத்தொகுதியில் உள்ள ஹிக்லிங் ஏரியில் எம்மா ஒரு படகு வீட்டில் வாழ்ந்தார். தாமே வடிவமைத்த அப்படகுக்கு, அப்பகுதியில் தாம் முதலில் படமெடுத்த நீர்க்கானாங்கோழியின் பெயரையே சூட்டினார். இருபது ஆண்டுகளுக்கு மேலாக ஒவ்வோராண்டும் சில மாதங்களை அங்கே கழித்தார். இரண்டு குளிர்காலங்களையும் அதிலேயே கழித்ததுண்டு. ஏரியின் தென்கிழக்கே அவர் குடில் அமைத்திருந்த சிறு தீவு டர்னர் தீவு என்றே வழங்கலாயிற்று.

இவ்வாறு வாழ்ந்ததன் பயனை நாம் ஊன்றி நோக்கவேண்டும். ஒருநாள் வந்து கூட்டைக் கலைத்துப் படமெடுத்துச் செல்பவன் பறவைக்குப் பகைவன். ஆண்டுக்கணக்கில் அதே நீரில், அதே இடத்தில் அசையாது நிற்கும் படகோ பறவைக்கு நாணற்புதரைப் போன்ற ஒரு பொருளே. அயலூராரைக் கண்டு குரைக்கும் நாய், அண்டை வீட்டாரைக் கண்டு வாலாட்டுவது போன்றது இது. எம்மா பறவைகளின் அண்டை வீட்டார் ஆனார்.

காத்திருத்தல் என்னும் நோன்பு

இன்றைய கருவிகளை மனத்திற் கொண்டு அன்றைய நிழற்படக் கலையை மதிப்பிடலாகாது. கருவி கனமானது. முக்காலியோடு அதைச் சுமந்து சேற்றில் நடக்கவேண்டும். ஒரு கண்ணாடித் தகட்டில் ஒரே படம். தகடு மாற்றும் ஓசை பறவையை வெருட்டும். தொலைவிலிருந்து அருகிற் காட்டும் ஆடிகள் இன்றுபோல் இல்லாமையால், கருவியைக் கூட்டுக்கு மிக அண்மையில் வைத்தாக வேண்டும். ஆதலின் மறைவிடம் இன்றியமையாததாயிற்று.

மறைவிட முறையை அத்தலைமுறையினர் அனுபவத்தால் வகுத்தனர். மறைவிடத்தைக் கூட்டருகே ஒரேயடியாக நிறுத்துவதில்லை. முதலில் தொலைவில் வைத்து, பறவை வழக்கம்போல் கூட்டுக்குத் திரும்புகிறதா என்று பார்ப்பர். திரும்பிய பின்னரே மறுநாளோ அதற்கு மறுநாளோ சிறிது அருகே நகர்த்துவர். இவ்வாறு பல நாட்கள் செல்லும். பறவை தயங்கினால் மறைவிடம் பின்னுக்குப் போகும். மறைவிடத்துக்குள் இருவர் சென்று, ஒருவர் மட்டும் வெளியே வந்து யாவரும் காண நடந்து போவதும் ஒரு முறை. வந்தவர் போய்விட்டார் என்று பறவை அமைதி கொள்ளும். உள்ளே இருப்பவர் வெளியேற வேண்டுமானாலும் துணைவர் திரும்பி வரவேண்டும். அவராகப் புறப்பட்டால் அச்சத்தில் பறவை கூட்டையே கைவிடக்கூடும்.

கூடு கட்டும்போதும் அடைகாக்கத் தொடங்கிய முதல் நாட்களிலும் பறவை எளிதில் கூட்டைத் துறந்துவிடும். குஞ்சு பொரித்த பின் தாயின் பற்று மிகும்; துறக்க மனம் வராது. பறக்கும் பருவம் நெருங்கிய குஞ்சுகளோ, அருகில் ஆள் வந்தால் உரிய நாளுக்கு முன்பே கூட்டிலிருந்து குதித்துவிடும். மழையிலும் கடும் வெயிலிலும் தாய் சிறிது நேரம் அகன்றாலும் முட்டை கெடும், குஞ்சு மடியும். நாணலை மிதித்து உண்டாக்கிய தடம் நமக்குப் பின்னரும் நின்று, காகத்துக்கும் கீரியினத்துக்கும் வழிகாட்டும். இத்தனையும் அறிந்த பின்னரே ஒருவர் கருவியைத் தொடலாம். நிழற்படக் கலையில் கையை விடக் காலத்தை அறிதலே பெரிது.

கொண்டை முக்குளிப்பானின் வாழ்வு எம்மாவை ஈர்த்தது. அது நீர்ப்பாசிகளையும் அழுகிய நாணலையும் சேர்த்து மிதக்கும் கூடு கட்டும். கூட்டை விட்டு நீங்கும்போது முட்டைகள்மேல் ஈரப்பாசியை இழுத்து மூடிவிட்டே செல்லும். வரிகள் நிறைந்த குஞ்சுகள் தாய் தந்தையரின் முதுகில் ஏறி இறகுகளுக்கிடையே பதுங்கிச் சவாரி செய்யும். தொப்பிக்காகக் கொன்று குவிக்கப்பட்ட அதே பறவையை, ஒரு பெண் உயிரோடு, அதன் வீட்டில், அதன் அமைதியில் படமாக்கினார். அப்படத்துக்காக அரச நிழற்படச் சங்கம் அவருக்குத் தங்கப் பதக்கம் வழங்கியது.

மணிக்கணக்கில் உடல் அசையாது, கொசுக்கடி பொறுத்து, மூச்சின் ஓசையையும் அடக்கி அமர்ந்திருப்பதை நாம் எளிதாக எண்ணலாகாது. நாற்பத்தெட்டு நிமிடச் சாமாயிகத்திலேயே நம் உடல் எத்தனை முறை அசைய விழைகிறது என்பதை நாம் ஒவ்வொருவரும் அறிவோம். சாமாயிகத்தின் நோக்கம் ஆன்ம சுத்தி; எம்மாவின் நோக்கம் ஒரு படம். இரண்டையும் நாம் ஒன்றாக்கவில்லை. ஆனால் காயகுப்தி என்னும் உடலடக்கம் உயிர்களுக்கு எத்துணைப் பெரிய அபயதானம் என்பதை அந்த நாணற்காட்டுக் காட்சி நமக்கு உணர்த்துகிறது.

மீண்டு வந்த குருகு

ஐரோப்பிய நாணற்காடுகளில் வாழும் பெருங்குருகு என்னும் பறவை பழுப்பு நிறமும் கருங்கீற்றுகளும் கொண்டது. ஆபத்தை உணர்ந்தால் அலகை வானோக்கி உயர்த்தி, உடலை ஒடுக்கி, நாணல் காற்றிலாடும்போது தானும் ஆடி நிற்கும். கண்ணெதிரே இருந்தும் காணவொண்ணாது. இளவேனிலில் ஆண் பறவை எழுப்பும் முழக்கம் பல கிலோமீட்டர் தொலைவு கேட்கும். சதுப்பு நிலங்களை வடித்து வயலாக்கியதாலும், வேட்டையாலும், முட்டை சேர்ப்போரின் ஆசையாலும் 19ஆம் நூற்றாண்டின் இறுதிக்குள் பிரிட்டனில் அது கூடு கட்டுவது முற்றும் நின்றுபோயிற்று. ஒரு நாட்டின் ஏரிகளில் ஒரு குரல் அடங்கியது.

1911ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள். ஹிக்லிங் பகுதியின் காவலரும் பறவை நுட்பம் தேர்ந்தவருமான ஜிம் வின்சென்ட் என்பாரும் எம்மாவும் நாணற்காட்டில் தேடிச் சென்று, இன்னும் பறக்கக் கற்காத ஓர் இளங்குருகைக் கண்டனர். தாய்ப்பறவைகளைப் போலவே அலகை உயர்த்தி அது நின்றது. எம்மா அதைப் படமெடுத்தார். இழந்துவிட்டோம் என்று எண்ணியிருந்த இனம் பிரிட்டனில் மீண்டும் குஞ்சு பொரித்திருக்கிறது என்பதற்கு அப்படமே முதற் சான்று.

இங்கே அன்பர்கள் சற்று நின்று சிந்திக்க வேண்டுகிறோம். முப்பது ஆண்டுகள் முந்தி இக்குருகு கண்ணிற் பட்டிருந்தால் அதற்குச் சான்று என்னவாக இருந்திருக்கும்? அதன் பிணம். மீண்டு வந்த இனத்தின் முதற் குஞ்சே கண்ணாடிப் பேழைக்குள் போயிருக்கும். இப்போது சான்றும் கிடைத்தது, உயிரும் நின்றது. உண்மையை நிறுவ உயிர்க்கொலை தேவையில்லை என்பதை ஒரு கண்ணாடித் தகடு மெய்ப்பித்தது. அறிவுக்கும் அகிம்சைக்கும் பகையில்லை என்று நாம் வாயாற் சொல்வதை அத்தகடு கண்ணாற் காட்டியது.

தனித் தீவில் காவல்

நார்ஃபோக்கின் வடகரையில் ஸ்கோல்ட் ஹெட் என்னும் மணல் தீவு உள்ளது. 1923இல் அது தேசிய அறக்கட்டளையின் பொறுப்புக்கு வந்தது. ஆலாப் பறவைகள் அங்கே கூட்டங்கூட்டமாக வந்து முட்டையிடும். அவை கட்டும் கூடென்று ஒன்றில்லை. மணலிலும் கூழாங்கற்களிடையேயும் சிறு பள்ளம், அதில் கல்லோடு கல்லாகத் தோன்றும் முட்டைகள். வேடிக்கை பார்க்க வருவோர் தம்மையறியாமலே அவற்றை மிதித்துவிடுவர். ஆள்வரவு கண்டு ஆலாக்கள் எழுந்து பறந்தால், அந்த இடைவெளியில் கடற்காகங்கள் முட்டைகளைக் கவர்ந்து செல்லும்.

அப்பறவைகளைக் காக்க ஒரு காவலர் தேவைப்பட்டார். 1924இல் தம் 57ஆம் வயதில் எம்மா அப்பணியை ஏற்றார். அங்கே ஒரு மரக்குடிலில் தங்கி, அந்த ஆண்டும் அடுத்த ஆண்டும் முட்டைகளையும் குஞ்சுகளையும் காத்தார். செய்தித்தாள்கள் அவரை இங்கிலாந்திலேயே மிகத் தனிமையான பெண் என்று எழுதின. ஆயிரமாயிரம் ஆலாக்கள் சூழ வாழ்ந்தவரைத் தனிமையானவர் என்றது விந்தையே. மனிதரை மட்டுமே துணையென்று எண்ணும் கண்ணுக்கு அவ்வாறே தோன்றும்.

இத்தீவில் அவர் செய்த முதன்மையான பணி படமெடுப்பதன்று. பிறரை விலகி நிற்கச் செய்வதே. தாம் நெருங்கியது எத்தனை காலப் பொறுமையின் பயன் என்பதை அறிந்தவரே, ஆயத்தமின்றி நெருங்க வருவோரைத் தடுக்கத் தகுதியுடையவர். அவ்வனுபவங்களை 1928இல் நூலாக வெளியிட்டார். ஏரிப் பறவைகளைப் பற்றிய அவருடைய பெருநூல் 1924இல் வெளிவந்தது. ஒவ்வொரு தோட்டமும் ஒரு பறவைச் சரணாலயம் ஆகலாம் என்பதை விளக்கும் நூலை 1935இல் எழுதினார். மொத்தம் எட்டு நூல்கள் அவர் இயற்றியவை.

ஒளி மறைந்த இறுதி

வாழ்நாளெல்லாம் கண்ணால் வாழ்ந்த அம்மையாருக்கு இறுதியில் கண்ணொளியே நீங்கியது வினையின் விளையாட்டு எனலாம். மறைவதற்கு ஈராண்டுகளுக்கு முன்பு அவர் பார்வையை இழந்தார். 1940ஆம் ஆண்டு ஆகஸ்டு 13ஆம் நாள் தம் 73ஆம் வயதில் உலக வாழ்வை நீத்தார்.

அவர் வாழ்ந்த ஹிக்லிங் ஏரியை 1945இல் நார்ஃபோக் இயற்கை அறக்கட்டளை வாங்கியது. இன்றும் அது பறவைக் காப்பிடமாக விளங்குகிறது. பெருங்குருகின் கதை அத்துடன் முடியவில்லை. நாணற்காடுகள் வறண்டு சுருங்கியதால், 1997இல் பிரிட்டன் முழுவதிலும் முழங்கும் ஆண் குருகுகள் பதினொன்றே எண்ணப்பட்டன. பின்னர் நாணற்காடுகளைச் சீர்செய்து நீர் தேக்கியதன் பயனாக அவ்வெண்ணிக்கை இப்போது 200ஐக் கடந்துள்ளது. காத்தல் என்பது ஒருமுறை செய்து முடிக்கும் காரியமன்று, தலைமுறைதோறும் செய்யவேண்டுவது.

ஐந்து அதிசாரங்கள்

அகிம்சை அணுவிரதத்துக்கு ஐந்து அதிசாரங்களை நம் ஆசாரியர்கள் வகுத்துள்ளனர் என்பதை அருங்கலச்செப்பு பயின்ற சிறுவரும் அறிவர். கட்டுதல், அடித்தல், உறுப்பை அறுத்தல், மிகுபாரம் ஏற்றுதல், உணவும் நீரும் தடுத்தல் என்பன அவை. வீட்டு விலங்குகளை மனத்திற் கொண்டே இவற்றைப் பெரிதும் விளக்குவது வழக்கம். கூடுகளைப் படமெடுப்போர் வாழ்விலும் இவை எவ்வாறு பொருந்துகின்றன என்று எண்ணினால் வியப்பே மேலிடுகிறது.

குஞ்சுகள் அசையாதிருக்கவேண்டும் என்று கூட்டோடு பிணைப்பாரும் உண்டு, அது கட்டுதல். தாய் எழுந்து பறக்கும் காட்சி வேண்டிக் கல்லெறிவது அடித்தல். கூடு தெளிவாகத் தெரியவேண்டும் என்று மறைத்த கிளையை வெட்டுவது அறுத்தலின் பாற்படும். அக்கிளையும் ஓரறிவுயிரே, அது தந்த நிழல் நீங்கினால் குஞ்சு வெயிலில் வாடும், பருந்தின் கண்ணுக்கும் புலப்படும். அச்சம் என்னும் சுமையை மீண்டும் மீண்டும் ஏற்றுவது மிகுபாரம். நாம் கூட்டருகே நிற்கும் நேரமெல்லாம் இரையோடு வந்த தாய் தொலைவில் தயங்கி நிற்கும்; உள்ளே குஞ்சுகள் வாய்திறந்து கிடக்கும். இதுவே உணவு தடுத்தல். கையில் கத்தியில்லை, மனத்தில் பகையில்லை. எனினும் ஐந்து குற்றங்களும் நிகழ்ந்துவிடுகின்றன. பிரமாதம் என்னும் கவனமின்மையே இம்சைக்கு வேர் என்று நம் முன்னோர் உரைத்ததன் ஆழம் இங்கே விளங்குகிறது.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். எம்மாவின் காலத்துக் கண்ணாடித் தகடுகளிலும், பின்வந்த சுருள்களிலும் பூசப்பட்ட ஜெலட்டின், விலங்குகளின் எலும்பிலிருந்தும் தோலிலிருந்தும் எடுக்கப்பட்டது. முற்றிலும் மாசற்ற படம் என்று அக்காலத்தில் ஒன்றில்லை. இல்லறத்தாராகிய நாமும் முற்றிலும் இம்சையற்ற வாழ்வு வாழ்வதாகக் கூறிக்கொள்ள இயலாது. இயன்றவரை குறைப்பதும், குறைத்ததைக் கொண்டு செருக்கடையாதிருப்பதுமே நமக்கு விதித்த நெறி. அந்த அளவுகோலால் அளந்தால், துப்பாக்கி ஏந்திய உலகில் பிறந்து காத்திருத்தலைக் கைக்கொண்ட இப்பெருமாட்டி ஏறிய படிகள் பல.

நம் இல்லங்களுக்கு

இன்று ஒவ்வோர் இளைஞர் கையிலும் கைப்பேசி உண்டு; அதில் நிழற்படக் கருவியும் உண்டு. விலையுயர்ந்த தொலைநோக்கு ஆடி வாங்கிய இளைஞர்களும் நம் ஊர்களில் இருக்கின்றனர். கருவி எளிதானபோது பொறுமை அரிதாகிவிட்டது. பறவையின் குரலைக் கைப்பேசியில் ஒலித்து அதை ஏமாற்றி அழைப்பதும், கூட்டின்மேல் பறக்கும் கருவியை ஏவுவதும், இரவில் கண் கூசும் ஒளி பாய்ச்சுவதும் நிகழ்கின்றன. கூட்டின் இடத்தை உடனுக்குடன் உலகுக்கு அறிவிப்பதால் மறுநாளே அங்குக் கூட்டம் சேர்கிறது. நம் நாட்டின் 1972ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம், காட்டுப்பறவையின் முட்டையை எடுப்பதை மட்டுமன்றி, முட்டையையும் கூட்டையும் கலைப்பதையும் வேட்டை என்ற சொல்லுக்குள்ளேயே அடக்கியுள்ளது. கலைத்தலும் வேட்டையே என்று சட்டம் கூறுவது நமக்கு இனிக்கும் செய்தி.

ஆதலின் நம் பிள்ளைகளுக்குச் சிலவற்றைக் கற்பிப்போம். கூட்டைக் கண்டால் கிளையை விலக்காதே. பறவை உன்னைக் கண்டு குரல் எழுப்பினாலோ, இரையை வாயில் வைத்தபடி கூட்டுக்குப் போகாமல் நின்றாலோ, நீ மிக அருகில் இருக்கிறாய் என்று பொருள். வந்த வழியே மெல்லப் பின்வாங்கு. கூட்டின் இடத்தைப் பலரறியச் சொல்லாதே. முட்டையைத் தொடாதே. நல்ல படம் கிடைக்கவில்லையே என்று வருந்தாதே. படம் இல்லாமற் போனால் பறவைக்கு ஒரு குறையுமில்லை. நான்கு முழம் முன்னோக்கி நடக்கும் இரியா சமிதியையும், எப்பொருளையும் பார்த்து எடுத்துப் பார்த்து வைக்கும் ஆதான நிட்சேபண சமிதியையும் முனிவர்களுக்குரியன என்று மட்டும் எண்ணாமல், காட்டுக்குள் நுழையும் ஒரு பொழுதேனும் நாமும் கடைப்பிடிப்போமாக.

மாடியில் வைத்த நீரைப் பருக வரும் குருவியை நாம் கதவுக்குப் பின்னே நின்றுதான் பார்க்கிறோம். அந்தக் கதவளவு இடைவெளியை ஏரிக்கரையிலும் மரத்தடியிலும் விட்டு நிற்கப் பழகினால் போதும். எல்லா உயிர்களும் தத்தம் கூட்டில் அச்சமின்றி வாழ்க! அறம் ஓங்குக!